ஒரு அடிதடி வழக்கு, ஓராண்டு தண்டனை, அப்புறம் ஏசி மெக்கானிக்

போன மாதம் எங்கள் தெருவில் 19 வயதுப் பையன் ஒருவனை அடிதடி வழக்கில் ரிமாண்ட் செய்தார்கள். அவன் அம்மா என் கடைக்கு வந்து, "தம்பி, நீ எல்லாத்தையும் பார்த்துட்டு வந்தவன். இப்ப நான் என்ன செய்யணும், சொல்லுப்பா" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் நின்றபடியே சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு யோசித்துப் பார்த்தால், 2012-இல் என் அம்மாவுக்கு இதில் பாதியைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். எனக்கும் சில வருடங்கள் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். ஜெயிலுக்குள் என்ன நடக்கும் என்ற கதையைத் தேடி வந்தவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே இருந்த மாதங்கள் எப்படியோ கழிந்துவிட்டன. அதற்கு முன்னும் பின்னும் காகிதத்துக்காக அலைந்த வருடங்கள்தான் என்னைத் தின்றன.

மதுரைக்கு மேற்கே எங்கள் ஊர். நான் டிப்ளமோ முடித்து இரண்டு அரியர் பாக்கி வைத்திருந்த நேரம், 21 வயது தாண்டியிருந்தது. பங்குனிப் பொங்கலில் எந்தத் தெரு ஆட்டம் முன்னால் போவது என்று சாமி ஊர்வலத்தில் தகராறு. மறுநாள் சாயங்காலம் அது டீக்கடை வாசலில் வெடித்தது. எங்கள் பக்கம் ஏழு பேர். எதிர்த்தரப்பில் ஒருவருக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். எஃப்.ஐ.ஆரில் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 147, 148, 294(பி), 324, 307, 506(2) என்று வரிசையாகப் பிரிவுகள். நான் ஏ5, அதாவது குற்றம்சாட்டப்பட்டவர்கள் வரிசையில் ஐந்தாவது ஆள். 307 என்றால் கொலை முயற்சி என்பதே ஸ்டேஷனில் உட்கார வைத்த பிறகுதான் எனக்குத் தெரியும். இப்போது இதே பிரிவுகள் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வேறு எண்களில் வருகின்றன, 307 என்பது 109, 324 என்பது 118(1). எண்தான் மாறியிருக்கிறது.

கைதான அன்று வீட்டில் இருப்பவர்கள் செய்யும் முதல் காரியம், யாரோ கைகாட்டும் வக்கீலிடம் ஓடுவது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஓடினார்கள். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துக் கொடுத்த 25,000 ரூபாய் முதல் வாரத்திலேயே போனது. எதற்கு எவ்வளவு என்று கணக்கே கிடையாது. சிறைக்காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. ஜில்லா கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக் குழுவின் அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். தனியாக வக்கீல் வைப்பது தப்பில்லை. ஆனால் முதல் நாளே பதறிப்போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். ஜாமீன் மனுவுக்கு இவ்வளவு, வழக்கு முழுக்க இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் வக்கீலிடம் வழக்கைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

இன்னொன்று, வயதுச் சான்று. எங்களில் 19 வயதுப் பையன் ஒருவனைத் தனியாகப் பிரித்துப் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளிக்கு அனுப்பினார்கள். 18-இலிருந்து 21 வயதுக்குள் இருப்பவர்களைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. 18 நிரம்பாதவன் என்றால் அவன் சிறைக்கே போகக் கூடாது, இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட், பிறப்புச் சான்றிதழ் இரண்டின் நகலையும் ரிமாண்ட் அன்றே வக்கீல் கையில் கொடுத்துவிடுங்கள். ஸ்டேஷனில் வயதை வாயால் கேட்டு எழுதிக்கொள்வார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

மனதுக்கு இன்னும் ஆறாத விஷயம் சமாதானப் பேச்சு. நாங்கள் உள்ளே இருந்தபோது ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். வைத்தியச் செலவுக்கு ஒரு லட்சம் கொடுத்தால் சமரசத்துக்குத் தயார் என்றார்களாம் எதிர்த்தரப்பு. ஏழு வீட்டுக்குப் பிரித்தால் ஒரு வீட்டுக்குப் பதினைந்தாயிரம் கூட வராது. "நம்ம பிள்ளைக மட்டுமா அடிச்சாங்க?" என்று எங்கள் பக்கத்தில் எழுந்து வந்துவிட்டார்கள். அந்த வீராப்புக்கு ஒவ்வொரு வீடும் பிறகு லட்சக்கணக்கில் கட்டியது. காயம் சாதாரணமானதாக இருந்து இரு தரப்பும் மனமொத்து வந்தால், 307 போட்ட வழக்கைக்கூட உயர் நீதிமன்றம் ரத்து செய்ய முடியும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல், நரிந்தர் சிங் வழக்கில், சொல்லியிருக்கிறது. ஆனால் பஞ்சாயத்தில் கைகுலுக்கினால் மட்டும் போதாது. அது சமரச மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், அடிபட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கோர்ட்டைப் பொறுத்தவரை சமாதானம் என்று எதுவும் நடக்கவில்லை.

ஒன்றரை மாதம் போல் ரிமாண்டில் இருந்த பிறகு ஜாமீன் கிடைத்தது. கண்டிஷன், திருச்சியில் தங்கித் தினமும் காலை பத்தரைக்கு ஒரு ஸ்டேஷனில் கையெழுத்து. வெளியே வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய அடி. சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் நான்கு பேர் ஒரு ரூமில் கிடந்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது, ராத்திரி வரை செய்ய ஒன்றுமில்லை. வாடகை, சாப்பாடு எல்லாம் வீட்டிலிருந்து வந்தாக வேண்டும். கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லித் தனி மனு போடலாம். அதைக் கேட்டால்தான் போடுவார்கள். கையெழுத்துப் போட்டதற்கு உங்கள் கையிலும் ஒரு கணக்கு இருக்கட்டும். தேதி, நேரம், ரெஜிஸ்டர் நீட்டிய ஏட்டையாவின் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு நாள் நான் வரவே இல்லை என்று பின்னால் ஒரு பேச்சு வந்தபோது அந்த நோட்டும் பஸ் டிக்கெட்டும்தான் என்னைக் காப்பாற்றின.

அதற்குப் பிறகு நான்கு வருடம் வாய்தா. சாட்சி வரவில்லை, நீதிபதி லீவு, வக்கீல்கள் புறக்கணிப்பு என்று ஏதாவது ஒரு காரணத்துக்குத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வாய்தாவும் ஒரு நாள் சம்பளம். எங்களில் ஒருவன் திருப்பூரில் வேலைக்குப் போனவன், லீவு கிடைக்கவில்லை என்று ஒரு வாய்தாவுக்கு வராமல் விட்டான். பிடிவாரண்ட் வந்து, தீபாவளிக்கு ஊருக்கு வந்தவனைப் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்து மறுபடி உள்ளே தள்ளினார்கள். வர முடியாத நாளில் வக்கீல் மூலமாகக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவில் மனு போட்டால் அன்றைக்கு ஆஜராகாமல் இருக்க அனுமதி கேட்கலாம். 2024 ஜூலை முதல் அது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 355-ஆம் பிரிவு. முந்தின நாளே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வக்கீலின் ஜூனியர் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சீனியர் போனை எடுக்க மாட்டார்.

இந்த இடைக்காலத்தில்தான் இரண்டு பெரிய நஷ்டம். அரியரை முடித்து ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேள்வியே இல்லை. சில மாதம் கழித்து வெளி ஏஜென்சி வைத்து விசாரித்தார்கள், ஹெச்.ஆர். கூப்பிட்டு அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். அடுத்து வெளிநாட்டு ஆசை. கத்தாரில் இருந்த மச்சான் விசா எடுக்கிறேன் என்றார். வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட்டைச் "சரிக்கட்டி" எடுத்துத் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 80,000 வாங்கினார். பாஸ்போர்ட்டும் வரவில்லை, பணமும் வரவில்லை, போலீசில் சொல்லவும் வாய் இல்லை. நேர்வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே வெளிநாடு போக அனுமதி கேட்டு மனு போட்டு, அந்த உத்தரவோடு விண்ணப்பித்தால் பாஸ்போர்ட் தரலாம் என்று 1993-இலிருந்தே மத்திய அரசின் அறிவிக்கை இருக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று உத்தரவில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். அதனால் மனுவிலேயே காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

2016-இல் தீர்ப்பு. காயச் சான்றிதழில் சாதாரண காயம் என்று டாக்டர் எழுதியிருந்ததால் 307 நிற்கவில்லை. ஆயுதத்தால் காயப்படுத்தியது என்ற 324 நின்றது. எங்களில் நான்கு பேருக்கு ஓராண்டு கடுங்காவல், அபராதம். அப்பீல் போட்டோம், அடுத்த ஆண்டு அதுவும் தள்ளுபடி. ரிமாண்டில் இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டு மீதியை அனுபவிக்க மதுரை மத்திய சிறைக்குள் போனேன்.

அங்கே நன்னடத்தை அலுவலர் ஒருவர் எங்கள் பிளாக்குக்கு வந்து ஒவ்வொருவரையும் விசாரிப்பார். என் தீர்ப்பைப் படித்துப் பார்த்துவிட்டு, "முதல் வழக்குதானே தம்பி, பி.ஓ. சட்டத்துல கேட்கலையா?" என்றார். அப்படி ஒரு சட்டம் இருப்பதே எனக்குத் தெரியாது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், தண்டனைக்குப் பதிலாக நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க அதன் 4-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. 324-க்கு அதிகபட்சமே மூன்று வருடம்தான், தாராளமாகக் கேட்டிருக்கலாம். 21 வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் வலுவாக, ஏன் சிறைக்கு அனுப்புகிறோம் என்று கோர்ட் காரணம் எழுதியாக வேண்டும். ஆனால் அந்த வயது சம்பவ நாளில் பார்ப்பது இல்லை, தீர்ப்பு சொல்லும் நாளில் பார்ப்பது. சம்பவத்தின்போது 19 வயதாக இருந்த எங்கள் பையனுக்குத் தீர்ப்பு நாளில் 23. வழக்கு இழுத்த இழுப்பில் அவனுக்கு அது போனது. எல்லாவற்றையும் விட முக்கியம் 12-ஆம் பிரிவு. இந்தச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது. இதை அப்பீலிலும் கேட்கலாம். அன்று ராத்திரி எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. எங்கள் வக்கீல் ஒரு வரி கேட்டிருந்தால் போதும். கேட்டால் கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, கேட்கவே இல்லையே என்பதுதான். குற்றவாளி என்று சொன்னதும், தண்டனை பற்றி உங்களிடம் நீதிபதி கேட்பார். முதல் வழக்கு, குடும்ப நிலை, வேலை எல்லாவற்றையும் வாய் திறந்து சொல்லுங்கள். தலையை மட்டும் குனிந்துகொண்டு நிற்காதீர்கள்.

உள்ளே எனக்கு அதிர்ஷ்டம் என்று சொன்னால், எலக்ட்ரிக்கல் வேலை பார்த்த ஆயுள் கைதி ஒருவருக்கு உதவியாகப் போட்டார்கள். ஃபேன் காயில் கட்டுவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். மனு போட்டு என்னைப் பார்க்க வரும் அம்மாவிடம் பேச வேண்டியதை முதல் நாளே மனதில் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வேன், கம்பிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதில் பாதி மறந்துபோகும். உள்ளே இருந்ததைப் பற்றி இவ்வளவு போதும்.

வெளியே வந்ததும் மோதிய முதல் சுவர் ஒரு சிம் கார்டு. மூன்று மாதம் பயன்படுத்தாமல் ரீசார்ஜும் செய்யாவிட்டால் நம்பரை எடுத்துவிடுவார்கள். என் நம்பர் வேறு யாருக்கோ போயிருந்தது. ஆதார், பேங்க் எல்லாமே அந்த நம்பரில், ஓடிபி எவனோ ஒருவனுக்குப் போகிறது. அதைச் சரிசெய்யவே ஒரு மாதம் ஓடியது. அடுத்தது பைக் லோன். நான் உள்ளே போனதும் இ.எம்.ஐ. நின்றது, ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிப்போனார்கள், அது முடிந்த கதை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பேங்குகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் விழுந்து பிறகு சில வருடங்கள் எந்த பேங்கும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டனை உறுதியாகி உள்ளே போகும் நிலை வந்தால், போவதற்கு முன் தவணைகளை வீட்டில் ஒருவர் பொறுப்பில் விடுங்கள், இல்லை வண்டியை விற்றுக் கடனை முடித்துவிடுங்கள். சிம்மை அம்மாவிடமோ தம்பியிடமோ கொடுத்து மாதம் ஒரு முறை ரீசார்ஜ் போடச் சொல்லுங்கள். விடுதலைச் சான்றிதழ், தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டும் அவசியம். நகலுக்கு கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டால் கிடைக்கும், வழக்கு பழையதாகிவிட்டால் கட்டைத் தேடி எடுப்பதற்குள் மாதங்கள் ஓடும்.

வேலை கொடுத்தவர் மதுரையில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருந்த ஒரு அண்ணன். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ அடிச்சதப் பத்தி எனக்குக் கவலை இல்ல. இது வீட்டுக்குள்ள போற வேலை. நாளைக்கு ஒரு மோதிரம் காணாமப் போனா மொதப் பேரு உன் பேருதான் வரும். அதுக்கு என்ன செய்யலாம்னு நீயே சொல்லு" என்றார். அன்றைக்குப் பேசி வைத்த முறையைத்தான் இன்றைக்கும் என் கடையில் பின்பற்றுகிறோம். படுக்கையறைக்குள் தனியாகப் போவதில்லை, ஹெல்பர் கூட இருக்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் அறையில் நிற்கும் வரை கருவிப் பையைத் திறப்பதில்லை. ஏசிக்குக் கீழே இருக்கும் மேஜை, கட்டில், பீரோ மேல் உள்ள பொருளை அவர்களையே எடுக்கச் சொல்வோம். ஏசியின் இண்டோர் யூனிட்டைக் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, மாட்டிய பிறகு ஒரு போட்டோ. கிளம்பும்போது பையை அவர்கள் முன்னால் மூடுவோம். இது அவமானம் என்று என்னிடம் வேலைக்கு வந்த ஒரு பையன் சொன்னான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு முறை வாடிக்கையாளர் வீட்டில் பொருள் காணாமல் போய் விசாரணை வந்தது, இரண்டு முறையும் ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஸ்டேஷன் தொல்லை மட்டும் லேசில் விடவில்லை. தேர்தல், திருவிழா வந்தால் போதும், அப்போதைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் பத்திரம் எழுதிக் கொடு என்று கூப்பிடுவார்கள். அது சும்மா கையெழுத்து இல்லை. ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், முன்னால் எழுதிக் கொடுக்கும் நன்னடத்தைப் பிணை. அந்தக் காலத்துக்குள் ஏதாவது சண்டையில் பெயர் வந்தால், பத்திரத்தை மீறிவிட்டதாகச் சொல்லி நடவடிக்கை எடுக்க முடியும். படிக்காமல் போடாதீர்கள். வக்கீலோடு போய், புதிய வழக்கு எதுவும் இல்லை, இன்ன இடத்தில் வேலை பார்க்கிறேன் என்று எழுத்தில் விளக்கம் கொடுங்கள். நான் தீர்ப்பு நகல், விடுதலைச் சான்றிதழ், கடைப் பதிவுச் சான்று மூன்றையும் வைத்து எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அதன் பிறகு கூப்பிடுவது குறைந்தது, அடியோடு நிற்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. பழைய கூட்டத்தோடு டீக்கடையில் நிற்பதை நிறுத்தியதும் ஒரு காரணமாக இருக்கலாம். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆனால் அதில் ஒருவன் மேல் வழக்கு வந்தால் பக்கத்தில் நின்றவன் பெயரும் சேர்ந்துதான் எழுதப்படும்.

அரசு வேலைக்கு முயல்கிறவர்களுக்கு ஒன்று. படிவத்தில் கைது, வழக்கு, தண்டனை பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள், விடுதலை ஆகியிருந்தாலும் எழுதுங்கள். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னவரின் வழக்கு எப்படிப்பட்டது என்று பார்த்து வேலை கொடுப்பதை நிர்வாகம் யோசிக்கலாம். மறைத்தது தெரிந்தால் அந்த மறைப்பையே காரணமாக்கி வெளியேற்றலாம். போலீஸ் வேலைக்குச் சல்லடை இன்னும் பொடிசு. அதற்காக வருடங்களை எண்ணிக் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. கைத்தொழில் பக்கம் வாருங்கள். வாடிக்கையாளர் கேட்பது ஏசி குளிருமா, திரும்ப வந்து பார்ப்பாயா, இரண்டுதான்.

2021-இல் தனியாகக் கடை போட்டேன். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், நான் தெரியாமல் ஒரு பிரவுசிங் சென்டரில் 1,500 கொடுத்தேன். பழைய பைக் கடனை வட்டியோடு கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றிதழ் வாங்கிய பிறகு ஸ்கோர் மெல்ல ஏறியது. அப்புறம்தான் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிஷு கடன், 50,000 வரை கொடுப்பார்கள். அதில் வேக்கம் பம்ப், கேஜ் செட், பிளேரிங் டூல் வாங்கினேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது புரோக்கர், "அதெல்லாம் அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார். நான் பெண்ணின் அப்பாவிடம் தீர்ப்பு நகலையே கொடுத்தேன். இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது இடத்தில் மாமா அதை எடுத்துப்போய் ஒரு வாரம் வைத்திருந்து, தெரிந்த குமாஸ்தா ஒருவரிடம் காட்டி, வேறு வழக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு வந்தார். அவர் அப்படி விசாரித்ததில் எனக்கு நிம்மதிதான், பிறகு யாரும் வந்து காதில் ஓத இடமில்லை.

2024-இல் பாஸ்போர்ட்டுக்கு மறுபடி போட்டேன், இந்த முறை ஏஜென்ட் இல்லாமல். விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம் என்பது சட்டம். எனக்கு அது பொருந்தாது, நிலுவை வழக்கும் இல்லை. தண்டனை பற்றிய கேள்விக்கு உள்ளதை எழுதினேன். விசாரணைக்கு வந்த ஸ்டேஷன் எழுத்தர் தீர்ப்பு நகலைக் கேட்டார், கடையில் எப்போதும் நான்கு ஜெராக்ஸ் இருக்கும், ஒன்றைக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் தபாலில் வந்துவிட்டது. கத்தார் மச்சான் இப்போதும் வரச் சொல்கிறார். மார்ச்சிலிருந்து ஜூன் வரை இங்கே மூச்சு விட நேரம் இருக்காது, சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.